மதிப்பெண்ணும் மருத்துவரும்

தேர்வு முடிவு வெளியாகும் நாள் தமிழர் இல்லங்களில் திருநாளாகவோ துயர்நாளாகவோ அமைந்துவிடுகிறது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுத்தாளைப் பெற்றுக்கொண்டு பள்ளி மண்டபத்தை விட்டு வெளிவரும் மாணவரின் முகத்தைப் பெற்றோர் முதலில் பார்ப்பதில்லை. கையிலுள்ள தாளையே பார்க்கின்றனர். 'எத்தனை ஏ?' என்பது முதல் வினா. 'மருத்துவம் கிடைக்குமா?' என்பது அடுத்த வினா. இவ்விரண்டு வினாக்களுக்கும் இடையில் மூன்றாவது வினா ஒன்று உண்டு. 'இப்பிள்ளை நல்ல மருத்துவராவானா?' என்பதே அது. அதனைக் கேட்பார் அரியர்.

இந்த ஆர்வத்தை எள்ளி நகையாடுதல் தகாது. அதற்கு வரலாறு உண்டு. தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் ஒருவர் முன் கைகட்டி நின்று, அவர் ஊற்றிக் கொடுத்த மருந்து நீரைப் பெற்றுச் சென்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். மருத்துவர் என்னும் சொல் அவர்களுக்கு ஒரு தொழிலின் பெயராக மட்டும் ஒலிக்கவில்லை. தலைநிமிர்வின் பெயராகவும் ஒலித்தது. 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 23 மாணவரோடு தொடங்கிய மருத்துவப் பள்ளி, பிற்காலத்தில் பல்கலைக்கழகமாகக் கிளைத்து, 1960களில் கோலாலம்பூரிலும் வேரூன்றியது. கல்லூரிகள் பெருகின, அவற்றின் வாயிலில் நிற்போர் தொகை அதனினும் விரைந்து பெருகியது. இடம் சிலவாகவும் வேட்போர் பலராகவும் இருக்குமிடத்தில் அளவுகோல் ஒன்று வேண்டப்படுகிறது. கைக்கு எளிதிற் கிட்டிய அளவுகோல் மதிப்பெண்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயதில் சில மணி நேரத்தில் எழுதிய விடைத்தாள்கள், நாற்பது ஆண்டுக்காலம் பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முடிவு செய்யலாமா? இவ்வினாவுக்குள் இருவேறு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. மதிப்பெண், பிற்கால வெற்றியை முன்னறிவிக்கிறதா என்பது ஒன்று. அஃது ஆய்வினால் விடை காணத்தக்கது. மதிப்பெண் பெற்றமையாலேயே ஒருவர் அவ்விடத்துக்கு உரியவராகிறாரா என்பது மற்றொன்று. அஃது அறத்தினால் விடை காணத்தக்கது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெருங்குழப்பத்துக்கு வித்தாகிறது.

ஆய்வு கூறும் உண்மை

மதிப்பெண்ணே எல்லாம் என்பார் ஒருபுறம் நிற்கின்றனர். மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது, அது மனப்பாடத்தின் விளைவுதானே என்பார் மறுபுறம் நிற்கின்றனர். முன்னவர் கூற்றுத் தேர்வில் வென்றோர் இல்லங்களிலும் பின்னவர் கூற்றுத் தோற்றோர் இல்லங்களிலும் மிகுதியும் கேட்கப்படுவது இயல்பே. ஆனால் இரண்டுமே முழு உண்மை ஆகா.

இத்துறையில் நெடிது ஆய்ந்தோருள் இலண்டனைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் கிறிஸ் மெக்மேனஸ் குறிப்பிடத்தக்கவர். 1975க்கும் 1982க்கும் இடையில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த 511 பேரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், 2002இல் அவரும் அவர்தம் துணைவரும் தேடித் தொடர்ந்து கண்டனர். அவர்கள் பள்ளியிறுதியில் எழுதிய 'ஏ' லெவல் தேர்வின் தரநிலைகள் கைவசம் இருந்தன. சேர்ந்த காலத்தில் எழுதிய அறிவுத்திறன் சோதனையின் முடிவும் இருந்தது. பள்ளித் தேர்வில் உயர்ந்தோர் மருத்துவப் படிப்பிலும் அதன்பின் எழுதும் சிறப்புத் தேர்வுகளிலும் பொதுவாக உயர்ந்தே நின்றனர் என்பது 2003இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. ஆகவே 'பள்ளி மதிப்பெண்ணுக்கும் பின்னைய படிப்புக்கும் தொடர்பே இல்லை' என்பார் கூற்று நிலைபெறாது.

அவ்வாய்வு மற்றொன்றையும் கூறிற்று. அறிவுத்திறன் சோதனையில் பெற்ற எண், அவர்களின் பிற்கால வாழ்வைத் தனித்து முன்னறிவிக்கவில்லை. பிறவிக் கூர்மை எனச் சிறப்பித்துக் கூறப்படுவதைக் காட்டிலும், கற்றுச் சேர்த்த கல்வியே பின்னும் துணை நின்றது. மெக்மேனஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் இத்தொடர்ச்சியைக் கல்வியின் முதுகெலும்பு என உருவகித்தனர். இளமையிற் கற்றது அடுத்த படிக்கு அடித்தளமாகிறது. அப்படி அதற்கடுத்த படியைத் தாங்குகிறது. மதிப்பெண் ஒரு மந்திர எண் அன்று. நாள்தோறும் அமர்ந்து கற்ற பழக்கமும், சேர்த்துவைத்த அறிவும், தவற்றைத் திருத்திக்கொள்ளும் பொறுமையும் தாளின்மீது விட்டுச் சென்ற சுவடு அது. சுவட்டைக் கண்டு நடந்தவரின் விரைவை ஓரளவு உணரலாம்.

'ஓரளவு' என்னும் சொல்லே இங்கு உயிர்நிலை. அதுகாறும் வெளிவந்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து மதிப்பிட்ட பிரிட்டானியக் கட்டுரை ஒன்று 2002இல் வெளியானது. மருத்துவக் கல்லூரியில் மாணவரிடையே தோன்றும் ஏற்றத்தாழ்வில், முந்தைய கல்விச் சாதனையால் விளக்கத்தக்கது நூற்றுக்கு 23 பங்கு என்றும், பட்டம் பெற்றபின் பணித்திறனில் தோன்றும் ஏற்றத்தாழ்வில் அது நூற்றுக்கு 6 பங்கே என்றும் அக்கட்டுரை கணக்கிட்டது. வகுப்பறையிலிருந்து நோயாளியின் படுக்கையை நோக்கி நடக்க நடக்க, பள்ளி மதிப்பெண்ணின் ஒளி மங்கிக்கொண்டே செல்கிறது.

இவ்வெண்களைக் கண்டவுடன் மதிப்பெண் பயனற்றது என முடிவு செய்வதும் பிழையே. உழவர் விதைநெல்லை நீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய மணிகளை மட்டுமே விதைக்கின்றனர். விதைத்த மணிகளுள் சற்றே கனத்ததற்கும் சற்றே மெலிந்ததற்கும் விளைச்சலில் பெரிய வேறுபாடு தோன்றாது. அதனைக் கண்டு, 'கனத்துக்குப் பொருளே இல்லை, பதரையும் விதைக்கலாம்' என்று ஒருவர் கூறினால் அது நகைப்புக்கிடமாகும். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தோர் யாவரும் முன்னரே வடிகட்டப்பட்டவர். அவருள் மதிப்பெண் வேறுபாடு சிறிது. ஆகவே அது விளைக்கும் வேறுபாடும் சிறிதாகத் தோன்றுகிறது. அடிப்படைக் கல்வியின்றி மருத்துவம் கற்க இயலாது என்பதும் உண்மை; அவ்வடிப்படையைத் தாண்டியோருள் ஒரு புள்ளி கூடியவர் ஒரு புள்ளி குறைந்தவரினும் சிறந்த மருத்துவராவார் என்பதற்குச் சான்றில்லை என்பதும் உண்மை. வாயிலில் நின்று வடிகட்டுவதற்கு மதிப்பெண் தக்க கருவி. உள்ளே நின்று மனிதரை வரிசைப்படுத்துவதற்கு அது தகுந்த கருவி அன்று.

எண்ணில் அடங்காதது

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரம் உண்டு. எல்லா வகையாலும் சோதித்துத் தேர்ந்தெடுத்தபின்பும், செயலில் இறங்கும்போது வேறுபட்டுப் போகும் மாந்தர் பலர் என வள்ளுவர் அங்கு எச்சரிக்கிறார். தேர்வு வேறு, வினை வேறு என்பதை அவர் ஈராயிரம் ஆண்டுக் கல்வி மரபுக்கு உணர்த்திச் சென்றார். அமெரிக்க ஆய்வொன்று அவ்வுண்மைக்கு உரை எழுதியதுபோல் அமைந்துள்ளது.

மருத்துவ ஒழுங்கு மன்றங்களால் 1990க்கும் 2003க்கும் இடையில் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவரின் கல்லூரிக் கால ஏடுகளை ஆய்வாளர் புரட்டிப் பார்த்தனர். மூன்று மருத்துவக் கல்லூரிகளில் பயின்ற அவர்களோடு, தண்டனை பெறாத 469 மருத்துவரின் ஏடுகளையும் ஒப்பிட்டனர். தண்டிக்கப்பட்டோர் மதிப்பெண் குறைந்தவரோ? நுழைவுத் தேர்வின் எண்ணுக்கும் தொடக்க ஆண்டுகளின் மதிப்பெண்ணுக்கும் தண்டனைக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது மெலிந்த தொடர்பு. வலுவான தொடர்பு வேறிடத்தில் இருந்தது. மாணவப் பருவத்திலேயே ஒழுக்கக் குறைபாடு குறிக்கப்பட்டோர் பிற்காலத்தில் தண்டனைக்கு உள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு மிகுந்திருந்தது. அக்குறைபாடுகளுள்ளும் இரண்டு மிகக் கொடியனவாகக் காணப்பட்டன. ஒப்படைத்த பணியைப் பொறுப்பின்றிக் கைவிடுதல் ஒன்று. குறையைச் சுட்டிக்காட்டியபோது திருந்த மறுத்தல் மற்றொன்று. 2005இல் வெளியான இவ்வாய்வு, ஆசிரியர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. வீட்டுப்பாடத்தைத் தானே செய்யாமல் நண்பனைப் பார்த்து எழுதிவிட்டு முழுமதிப்பெண் பெறும் மாணவரிடம் ஆசிரியர் காண வேண்டியது அந்த மதிப்பெண்ணையா, அந்தப் பழக்கத்தையா?

அங்ஙனமாயின் மதிப்பெண்ணைப் புறந்தள்ளி, நேர்முகத் தேர்வால் மனிதரின் உள்ளத்தை அளந்தறியலாமே எனச் சிலர் வினவலாம். அதுவும் எளிதன்று. 1979இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவக் கல்லூரி, நேர்முகங்கண்டு 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அதன்பின் மேலும் 50 பேரைச் சேர்க்குமாறு மாநிலச் சட்டமன்றம் பணித்தது. முன்பு வேண்டாமென விடப்பட்டோரிலிருந்தே அந்த ஐம்பதின்மர் எடுக்கப்பட்டனர். ஆண்டுகள் சென்றபின் இரு சாராரையும் ஒப்பிட்டபோது, படிப்பிலும் மருத்துவப் பயிற்சியிலும் வேறுபாடு காணப்படவில்லை. நேர்முகத் தேர்வாளர்கள் தம் மனத்தில் எழுந்த விருப்பையே தகுதியெனக் கருதிவிட்டனர் போலும். இனிய பேச்சும் எடுப்பான தோற்றமும் பரிவுக்குச் சான்றாகா.

இக்குறையைக் களைய முயன்றோரும் உளர். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் வகுத்து, 2004இல் வெளிப்படுத்திய முறையில், மாணவர் ஒருவர் பல சிற்றறைகளுக்குச் சென்று, அறைக்கு ஒருவராகப் பல தேர்வாளரைச் சந்திக்கிறார். ஒருவரின் விருப்பு வெறுப்பு மற்றவரால் சமன் செய்யப்படுகிறது. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியும் 2013இல் முதல் அணி மாணவரைச் சேர்த்தபோது இம்முறையைக் கைக்கொண்டது. இது முன்னேற்றமே. ஆயினும், அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தரும் வகுப்புகள் தோன்றிவிட்டன என்பதையும் மறத்தல் கூடாது. அளவுகோல் எதுவாயினும், அதனைக் கற்றுத்தரும் கடை அதன் அருகிலேயே திறக்கப்படுகிறது.

நடந்த தொலைவு

மதிப்பெண் ஒருவர் எட்டிய இடத்தைக் காட்டுகிறது. புறப்பட்ட இடத்தைக் காட்டுவதில்லை. தனியறையும் தனிப்பாட ஆசிரியரும் நூல்நிறை அலமாரியும் உடைய இல்லத்தில் பிறந்த பிள்ளையும், இரவுப்பணிக்குச் செல்லும் தாய் திரும்பும்வரை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் ஒரே தரநிலை பெறுவராயின், அவ்விரு 'ஏ'களும் எழுத்தால் ஒன்றே, உழைப்பால் ஒன்றல்ல.

இது வெறும் இரக்கவுரை அன்று. இங்கிலாந்தின் உயர்கல்வி நிதி மன்றம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, எல்லாத் துறை மாணவரையும் உள்ளடக்கியது. ஒரே பள்ளியிறுதித் தரநிலையோடு பல்கலைக்கழகம் புகுந்தோருள், அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர், கட்டணப் பள்ளியிலிருந்து வந்தவரினும் சிறந்த பட்டம் பெறும் போக்கினர் என அது கண்டது. கடுங்காற்றில் எதிர்நீந்தி அவ்விடம் வந்தவர், காற்று ஓய்ந்தபோது விரைந்து சென்றார் எனலாம். இலண்டன் கிங்ஸ் கல்லூரி, 2001 முதல், நகரின் பின்தங்கிய பள்ளிகளில் பயின்ற மாணவர் சிலரைக் குறைந்த தரநிலையோடு மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. ஐந்தாண்டுப் படிப்பை ஆறாண்டாக நீட்டி, தொடக்கத்தில் கூடுதல் துணை தந்தது. ஆனால் இறுதித் தேர்வில் சலுகை எதுவும் தரவில்லை; ஏனையோர் எழுதிய அதே தேர்வையே அவர்களும் எழுத வேண்டும். இங்குள்ள நுட்பம் கருதத்தக்கது. வாயிலை அகலமாக்கலாம், ஆனால் வெளியேறும் வாயிலின் அளவு மாறுதல் கூடாது. ஏனெனில் வெளியேறும் வாயிலில் நிற்பவர் நோயாளி.

குலுக்கலும் குடவோலையும்

அறவினாவின் கூர்மையை நெதர்லாந்து நாட்டின் வரலாறு நன்கு விளக்கும். அந்நாட்டில் 1970களில் மருத்துவப் படிப்புக்கு இடவரம்பு விதிக்கப்பட்டபோது, குலுக்கல் முறை கைக்கொள்ளப்பட்டது. வெறும் குலுக்கலாக அது நிற்கவில்லை. பள்ளியிறுதி மதிப்பெண் உயர உயர, வெல்லும் வாய்ப்பும் கூடும்வண்ணம் அது வகுக்கப்பட்டது. பத்துக்குக் கணக்கிடும் அந்நாட்டுப் பள்ளியில் ஆறு பெற்றவர்க்கும் வாய்ப்பு உண்டு. எட்டுப் பெற்றவர்க்கு மிகுதியான வாய்ப்பு உண்டு. உறுதி மட்டும் எவர்க்கும் இல்லை.

1990களின் பிற்பகுதியில் 9.6 சராசரி பெற்ற மாணவி ஒருவர் மும்முறை குலுக்கலில் தோற்றார். நாடே அதிர்ந்தது. இத்தகைய மாணவியை விலக்கும் முறை என்ன முறை என்னும் கேள்வி எழுந்தது. டிரென்த் என்னும் உளவியல் அறிஞர் தலைமையில் அமைந்த குழு 1997இல் அறிக்கை அளித்தது. 2000 முதல், எட்டும் அதற்கு மேலும் சராசரி பெற்றோர் நேரே சேரலாம் என்றும், ஒரு பகுதி இடங்களுக்குக் கல்லூரிகளே ஆள் தேரலாம் என்றும் விதி மாறியது. 2017இல் குலுக்கல் அறவே நீக்கப்பட்டது. கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. கல்லூரிகள் தாமே தேர்ந்தெடுத்தபோது வசதி படைத்த இல்லத்துப் பிள்ளைகளே மேன்மேலும் நுழைகின்றனர் என்னும் கவலை எழுந்தது. 2023இல் குலுக்கலுக்குச் சட்டம் மீண்டும் இடமளித்தது.

இந்நாட்டு அனுபவத்தை ஆய்ந்தோர் கண்டவை இரண்டு. எட்டுக்கு மேல் பெற்று நேரே சேர்ந்தோர், ஏனையோரினும் விரைவாகவும் நன்றாகவும் படித்தனர். குலுக்கலில் வந்தோருள்ளும் பெரும்பாலோர் படிப்பை முடித்து மருத்துவராயினர். முன்னது மதிப்பெண்ணின் பெருமையை நிலைநாட்டுகிறது. பின்னது அதன் எல்லையை வரைகிறது.

குலுக்கல் என்றவுடன் 'அறிவைச் சூதாட்டத்துக்கு உட்படுத்துவதா?' எனச் சினப்போர், தமிழர் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விளக்குகிறது. 35 வயதுக்கு மேற்பட்டும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல், வரி செலுத்தும் நிலம் உடைமை, சொந்த மனையில் வீடு, கல்வி ஆகியன தகுதிகள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை. அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. இத்தகுதிகளைக் கடந்தோர் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர்.

நிலமும் வேதக்கல்வியும் வேண்டப்பட்டமையால் அது எல்லார்க்கும் திறந்த வாயில் அன்று. ஆயினும் அம்முறையின் உள்ளே மூன்று அறிவுரைகள் பொதிந்துள்ளன. பணிக்குத் தேவையான தகுதி இன்னது என முன்கூட்டியே அறிவித்தல் ஒன்று. ஒழுக்கம் தவறியவரைக் கல்வி காப்பாற்றாது என்பது இரண்டு. தகுதி உடையோர் பலராக இருக்கையில், அவருள் ஒருவர்க்கு இடம் கிடைத்தல் அவரது உயர்வுக்கும், கிடையாமை மற்றவரது தாழ்வுக்கும் சான்றாகாது என்பது மூன்று. குடத்திலிருந்து வெளிவராத ஓலைக்குரியவர் தலைகுனிந்து வீடு திரும்ப வேண்டியதில்லை. இன்று முடிவுத்தாளோடு வீடு திரும்பும் மாணவர் பலர் அவ்வாறு தலைகுனிந்தே திரும்புகின்றனர்.

வாக்கும் உரிமையும்

இவ்விடத்தில் வலுவான மறுப்பொன்று எழும். 'என் பிள்ளை இரவு பகல் பாராது படித்தான். கேட்ட தரநிலை அனைத்தையும் பெற்றான். அவனைவிடக் குறைந்தவர்க்கு இடம் கிடைத்து, அவனுக்கு மறுக்கப்பட்டது. மதிப்பெண் எல்லாம் அன்று என்னும் தத்துவம் அவனுக்கு என்ன ஆறுதல் தரும்?' என ஒரு தந்தை வினவுவாராயின், அவர்க்கு விடை கூறும் கடமை அறநூலோர்க்கு உண்டு.

அமெரிக்க மெய்யியலறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட தம் நீதிக்கோட்பாட்டு நூலில் செய்த வேறுபாடு ஒன்று இங்குத் துணைபுரியும். பிறவித்திறனும் பிறந்த குடும்பமும் எவரும் தம் முயற்சியால் ஈட்டியவை அல்ல. ஆதலின் அவற்றால் விளையும் மேன்மையைத் தம் அறப்பேறு என உரிமை கொண்டாடல் இயலாது. ஆனால் சமுதாயம் ஒரு விதியை அறிவித்து, 'இதனைச் செய்தார்க்கு இது கிடைக்கும்' என்று கூறியபின், அதனை நம்பி உழைத்தவர்க்கு முறையான எதிர்பார்ப்பு ஒன்று பிறக்கிறது. அதனைப் பொய்ப்பித்தல் அநீதி.

ஆகவே அத்தந்தையின் மனக்குறை நியாயமானதே. ஆயின் அதன் வேர், அவர் கருதுமிடத்தில் இல்லை. தம் மகனின் மதிப்பெண் அவனை மற்றவரினும் மேலான மனிதனாக்கிற்று என்பதில் அது இல்லை. சொன்ன சொல் காக்கப்பட வேண்டும் என்பதில் இருக்கிறது. மதிப்பெண்ணோடு வேறு எவற்றையும் கருதலாம். புறப்பட்ட இடத்தைக் கருதலாம், ஒழுக்கத்தைக் கருதலாம், சமநிலையில் நிற்போரிடையே குலுக்கலும் நடத்தலாம். அவ்விதிகள் முன்னரே வெளிப்படையாக அறிவிக்கப்படல் வேண்டும். காரணம் கூறப்படல் வேண்டும். எல்லார்க்கும் ஒரு நிறையாக நடத்தல் வேண்டும். மறைவில் எடுத்த நல்ல முடிவைக்கூட மக்கள் நம்பார். ஒளியில் எடுத்த கடினமான முடிவை, வருந்தியேனும் ஏற்பர்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மருத்துவக் கல்லூரியின் இடம், நன்றாகப் படித்த மாணவர்க்குச் சமுதாயம் வழங்கும் பரிசன்று. பரிசாயின் மிகுதியாக ஓடியவர்க்கே உரியது என வாதிடலாம். அஃது எதிர்கால நோயாளியின் பொருட்டு ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் பொறுப்பு. மருந்தென்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து காப்பவர் என்னும் நான்கு கூறுகளை உடையது என வகுத்த வள்ளுவர், நோயாளியையே முதலில் வைத்தார். தேர்வுக்குழுவினரின் அறையில் இல்லாதவர் அந்நோயாளி ஒருவரே. அவர் சார்பில் பேசுவதே அறம்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இவற்றால் பெறப்படுவன யாவை? ஆசிரியர் மதிப்பெண்ணை இகழ்ந்துரைத்தல் கூடாது. 'புள்ளி முக்கியமில்லை' எனப் பின்தங்கிய மாணவரிடம் கூறும் ஆசிரியர், ஆறுதல் கூறுவதாக எண்ணி ஒரு கதவை அடைத்துவிடுகிறார். கற்ற கல்வி அடுத்த படிக்குத் தாங்கலாகிறது என்பதே ஆய்வின் முடிவு. அது பிறவியால் வருவதன்று, பழக்கத்தால் வருவது என்பதும் அதனுள் அடங்கும். இதனினும் நம்பிக்கை தரும் செய்தி ஏழை மாணவர்க்கு வேறில்லை.

மதிப்பெண்ணைத் தொழுதலும் கூடாது. வகுப்பில் முதல்வராக நிற்பவரை 'நீ மருத்துவனாக வேண்டும்' எனத் தூண்டுமுன், நோயுற்ற தோழனுக்குப் பாடக்குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் யார், பிழையைச் சுட்டியபோது முகஞ்சுளிக்காமல் திருத்திக்கொண்டவர் யார், ஒப்படைத்த சிறுபணியை யாரும் பாராதபோதும் முடித்தவர் யார் என்பதையும் ஆசிரியர் குறித்துக்கொள்ளல் நன்று. முடிவுத்தாளில் அவற்றுக்குக் கட்டமில்லை. ஆயினும் அவற்றைக் கண்டு கூறத்தக்கவர் ஆசிரியரே. வேறு எவரும் அல்லர்.

இடம் பெற்ற மாணவர் அறிய வேண்டியது, அம்மதிப்பெண் தம் உழைப்புக்குச் சான்று என்பதும், தம்மோடு ஒத்த தகுதியுடைய பலர் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர் என்பதும் ஆகும். இவ்வறிவு செருக்கை அகற்றும், கடனை உணர்த்தும். இடம் பெறாத மாணவர் அறிய வேண்டியது, மூடியது ஒரு கதவு என்பதும், அளக்கப்பட்டது தம் வாழ்வின் ஒரு பகுதி என்பதும் ஆகும். அளக்கப்படாத பகுதி இன்னும் அவர் கையில் இருக்கிறது.

நோயாளியின் நாடியைப் பிடித்து, அவர் கூறுவதைப் பொறுமையோடு கேட்கும் மருத்துவரிடம், 'உங்கள் எஸ்.டி.பி.எம். முடிவு என்ன?' என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை. அவ்வினாவுக்குரிய விடை அன்றே அவர் கைக்குள் அடங்கிவிட்டது. கற்றிருந்தால் கை அறியும். பரிவிருந்தால் கை காட்டும். மதிப்பெண் முன்னதற்குச் சான்று கூற வல்லது. பின்னதற்குச் சான்று கூற வல்லவர், அம்மாணவரை நாள்தோறும் வகுப்பில் கண்ட ஆசிரியரும், பின்னொரு நாள் அவர் முன் அமரும் நோயாளியுமே.